ஊர்ப் பணம், அரசு அதிகாரம்: ஹாங்காங்கின் வட்டாரக் காவல் இயங்கிய விதம்

ஒரு தெருவில் புதிதாக வந்து தங்கியிருப்பவன் யார், எந்தக் கடைக்கு நள்ளிரவில் சரக்கு வந்து இறங்குகிறது, எந்த மாடியில் சூதாட்டம் நடக்கிறது என்பதெல்லாம் அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும். காவல் நிலையத்துக்குத் தெரியாது. நடந்த திருட்டைத் துப்பறிய ஒரு நல்ல அதிகாரி போதும். திருட்டு நடக்காமல் தடுக்க வேண்டுமென்றால், தெருவுக்குத் தெரிந்தது காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். மக்கள் போலீசோடு ஒத்துழைப்பது என்று சொல்வதெல்லாம், இந்தத் தகவல் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைப் பற்றியதுதான்.

காலனி நகரங்களில் இந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டே இருந்தது. போலீஸ்காரரின் மொழி வேறு, சட்டத்தின் மொழி வேறு, குடியிருப்பவர்களின் மொழி வேறு. அடைபட்ட வழியைத் திறக்க ஆட்சியாளர்கள் பல ஏற்பாடுகளைச் செய்து பார்த்தார்கள். அவற்றில் நீண்ட காலம் நின்றதும், உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்க்க வசதியானதும் ஹாங்காங்கில் 1866-இல் தொடங்கிய வட்டாரக் காவல் படை. சீன வணிகர்கள் சம்பளம் கொடுத்தார்கள், பிரிட்டிஷ் அரசு அதிகாரம் கொடுத்தது. இந்தப் பங்கீடு எங்கே பலன் தந்தது, எங்கே கோணலானது என்று பார்த்தால், இதே வகை ஏற்பாடு வேறு எந்த ஊரில் இருந்தாலும் எடைபோட்டுவிடலாம்.

போலீஸ் இருந்தும் ஏன் போதவில்லை

பிரிட்டிஷார் ஹாங்காங் தீவை 1841-இல் பிடித்தார்கள். 1844-இல் போலீஸ் படைக்கான சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு லண்டன் போலீசிலிருந்து சார்ல்ஸ் மே என்பவரைக் கண்காணிப்பாளராகக் கொண்டுவந்தார்கள். ஐரோப்பியர், இந்தியர், சீனர் என மூன்று பிரிவாகப் படை அமைந்தது. 1867 முதல் பஞ்சாபிலிருந்து சீக்கியர்களைச் சேர்த்தார்கள். ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் கான்டனீஸ் மொழி பெரும்பாலும் தெரியாது. சீனக் காவலர்களுக்கு மொழி தெரியும், ஆனால் மேலதிகாரிகள் அவர்களை நம்பவில்லை. வழக்கு நடுவர் மன்றத்துக்குப் போனால் அங்கே மொழிபெயர்ப்பாளரை நம்பித்தான் எல்லாமே.

1860-களில் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர், அதிலும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பிழைக்க வந்த ஆண்கள். இன்று இங்கே, அடுத்த மாதம் சீனாவின் கான்டன் நகரில். திருடியவன் படகேறி அக்கரைக்குப் போய்விட்டால் பிரிட்டிஷ் சட்டம் அவனைத் தொட முடியாது.

எல்லாவற்றையும்விடக் கெடுதல் செய்தது இரவு அனுமதிச் சீட்டு. இருட்டிய பின் சீனர்கள் வெளியே வர வேண்டுமானால் கையில் விளக்கு வேண்டும், இன்ன நேரத்துக்கு மேல் அனுமதிச் சீட்டும் வேண்டும். 1840-களில் வந்த இந்த விதி சிற்சில மாற்றங்களோடு 1897 வரை நீடித்தது. ஐரோப்பியருக்கு இது கிடையாது. பக்கத்து வீட்டில் திருடன் ஏறுகிறான், போலீசிடம் சொல்ல ஒருவர் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் சீட்டு இல்லையென்றால் முதலில் மாட்டப்போவது அவர்தான். இப்படி ஊர் முழுவதையும் சந்தேகப் பட்டியலில் வைத்துவிட்டுத் தகவல் மட்டும் தானாக வரும் என்று எதிர்பார்த்தால் எப்படி வரும்? இந்தப் படையைப் பற்றிப் படிக்கும்போது இந்த விதியை மறக்கக் கூடாது. ஒத்துழைப்பு தேவைப்பட்ட அளவுக்கு நிலைமை கெட்டதில் அரசின் கைவேலையும் இருந்தது.

முதல் முயற்சிகள்

1844-லேயே ஒரு சட்டம் சீன அமைதிக் காவலர்களை நியமிக்க வழி செய்தது. சீனாவில் வீடுகளைக் குழுக்களாகச் சேர்த்து, ஒருவர் நடத்தைக்கு மற்றவர்களைப் பொறுப்பாக்கும் பழைய முறை ஒன்று உண்டு. அதைத்தான் பெயரோடு எடுத்து வந்தார்கள். 1853-இல் ‘திபோ’ எனப்படும் தெருப் பொறுப்பாளர்களுக்குச் சிறு வழக்குகளைப் பேசித் தீர்க்கவும் அதிகாரம் கொடுத்தார்கள். அவர்களுக்கான செலவு சீனக் குடியிருப்பாளர்களிடமிருந்து வந்தது. 1861-இல் இதையும் கைவிட்டார்கள்.

சீனாவில் அந்த முறை நின்றதற்குக் காரணம், நிலையான குடும்பங்கள், தலைமுறைகளாக ஒரே ஊர், தப்பிப் போனாலும் பின்தொடரும் குலப்பெயர். ஹாங்காங்கில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. நேற்று வந்து அறையில் பாய் விரித்தவனுக்கு அடுத்த பாய்க்காரன் எப்படிப் பொறுப்பாவான்? போதாததற்கு, தெருப் பொறுப்பாளர் தனி ஆளாக நின்றார். அவரைத் தட்டிக் கேட்க ஊரில் ஒரு சபை இல்லை, மேலே இருந்த அதிகாரிக்கு மொழி தெரியாது.

தனி ஆளை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு சான்று டேனியல் கால்டுவெல். சீனமொழி சரளமாகப் பேசிய மிகச் சில ஐரோப்பிய அதிகாரிகளில் ஒருவர் இவர். போலீசிலிருந்து வளர்ந்து பதிவாளர் நாயகமாகவும் சீனர்களின் காப்பாளராகவும் ஆனார். கடற்கொள்ளையரைப் பற்றித் துப்புக் கொடுத்துவந்த மா சௌ வோங் என்பவர் இவருக்கு நெருக்கம். அந்த ஆளே கொள்ளையர் கூட்டாளி என்று 1857-இல் தண்டிக்கப்பட்டார். விசாரணைகள் இழுத்துக்கொண்டே போய், 1861-இல் கால்டுவெல் பதவியை இழந்தார். ஊருக்கும் அரசுக்கும் இடையில் ஒரே ஒரு வாசல் இருந்தால், அந்த வாசலில் நிற்பவர் சொல்வதுதான் உண்மை. சரிபார்க்க அடுத்த வழி கிடையாது.

1866 ஏற்பாட்டின் உறுப்புகள்

கவர்னர் ரிச்சர்ட் மக்டானல் 1866-இல் வந்தார். அதே ஆண்டு நிறைவேறிய பதிவுச் சட்டம் வீடுகளையும் அவற்றின் பொறுப்பாளர்களையும் பதிவு செய்யச் சொன்னது. கூடவே, சீனக் குடியிருப்பாளர்கள் தங்கள் வட்டாரத்துக்குத் தாங்களே காவலர்களை வைத்துக்கொள்ளவும் அனுமதித்தது. வணிகர்கள் ஏற்கெனவே தம் கடைகளுக்குச் சொந்தக் காவலாளிகளை வைத்துக்கொள்வது வழக்கம். அதற்கு இப்போது சட்டத்தின் கூரை கிடைத்தது.

யார் தேர்ந்தெடுப்பது? வட்டாரத்து வணிகர்கள். தெரிந்த ஆள், ஜாமீனுக்கு ஒரு கடைக்காரர் நிற்கக்கூடிய ஆள் என்று பார்த்துத்தான் சேர்ப்பார்கள். அரசு ஒப்புதல் கொடுத்தால்தான் அவர் காவலர். வேண்டாமென்றால் நீக்கவும் அரசால் முடியும்.

பணம்? சீனக் கடைகளிடமிருந்தும் வீடுகளிடமிருந்தும் வசூலாகும் சந்தா. பிற்காலத்தில் அரசும் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை சேர்த்தது. பெரும்பங்கு கடைசிவரை ஊர்ப் பணம்தான். சந்தா என்பது ஒரு வகையில் வாக்குச்சீட்டு. காவல் சரியில்லை என்று தோன்றினால் கடைக்காரர் பணத்தைத் தாமதப்படுத்துவார், வசூலுக்கு வந்தவரிடம் முகத்துக்கு நேராகக் கேட்பார். வரியாக வசூலித்தால் இந்தப் பிடி கிடைக்காது.

கைது செய்யும் அதிகாரம் சட்டத்திலிருந்து வந்தது. இந்த உறுப்பு இல்லையென்றால் காவலாளி வெறும் கூலியாள். திருடனைப் பிடித்தால் காவலாளி மீதே அடிதடி வழக்கு வரும்.

கட்டளையிடுவது யார் என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. இந்தப் படை போலீஸ் தலைவரின் கீழ் இல்லை. சீனர் விவகாரங்களைக் கவனித்த பதிவாளர் நாயகத்தின் கீழ் இருந்தது. 1913-இல் அந்தப் பதவி சீனர் விவகாரச் செயலர் என்று பெயர் மாறியபோதும் படை அங்கேயே தொடர்ந்தது. போலீசிடம் சொல்லத் தயங்கிய வணிகர், வேறு காரியங்களுக்காக ஏற்கெனவே போய்ப் பழகிய அலுவலகத்தில் சொல்லத் தயங்கவில்லை.

சென்னையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 17ஆம் நூற்றாண்டுச் சென்னப்பட்டணத்தில் கம்பெனி, காவலைப் பெத்த நாயக்கர் என்னும் பரம்பரைக் காவல்காரரிடம் ஒப்படைத்தது. பெத்துநாயக்கன்பேட்டை அந்தப் பதவியின் பெயரைத்தான் இன்றும் சுமக்கிறது. அவருக்கு நிலமும் சரக்குகள் மீது சிறு வரிகளும் வருமானம். பொருள் களவு போய் மீட்க முடியாவிட்டால் அவரே ஈடுகட்ட வேண்டும். அங்கே காவல் ஒரு குடும்பத்தின் உரிமை, கூடவே நட்டப் பொறுப்பு. ஹாங்காங்கில் பரம்பரை உரிமையும் இல்லை, நட்டஈடும் இல்லை. மாதச் சம்பளம் வாங்கும் ஆட்கள், அவர்களை அமர்த்திய வணிகர்கள், அந்த வணிகர்களுக்கு மேல் ஓர் அதிகாரி. நட்டஈட்டுக்குப் பதிலாக மேற்பார்வை.

அந்த மேற்பார்வைக்கு முறையான வடிவம் கிடைக்க இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. ஸ்டூவர்ட் லாக்ஹார்ட் பதிவாளர் நாயகமாக இருந்தபோது, 1888-இல் சீனர் நிர்வாகத்துக்கான சட்டம் திருத்தி எழுதப்பட்டது. 1891-இல் பன்னிரண்டு பேர் கொண்ட நிலையான வட்டாரக் காவல் குழு அமைந்தது. வங்கியின் சீன முகவராக இருந்த வெய் யுக், மருத்துவமும் சட்டமும் படித்த ஹோ காய் போன்ற நகரின் முதல் வரிசைச் சீனர்கள் அதில் இருந்தார்கள். பதிவாளர் நாயகம் தலைமையில் கூடிய இந்தக் குழுவிடம், நாளடைவில் காவலுக்குச் சம்பந்தமில்லாத விஷயங்களிலும் அரசு ஆலோசனை கேட்டது. திருடனைப் பிடிக்க அமைத்த குழு, சீனச் சமூகத்தின் குரலாக அரசு ஏற்றுக்கொண்ட சபையாக உயர்ந்தது.

காவலர்கள் செய்த வேலை

ஷியுங் வான், தாய் பிங் ஷான் போன்ற நெருக்கடியான சீனக் குடியிருப்புகளில் இரவு ரோந்து வருவது அடிப்படை வேலை. பிக்பாக்கெட்காரர்களையும் சில்லறைத் திருடர்களையும் பிடித்தார்கள். நாடு கடத்தப்பட்டவன் திருட்டுத்தனமாகத் திரும்பி வந்தால் அடையாளம் காண்பது இவர்களுடைய தனித் திறமை. ஐரோப்பிய அதிகாரிக்கு முகம் பிடிபடாது, பேச்சின் ஊர்வாடையும் பிடிபடாது. இவர்கள் இரண்டையும் வைத்து ஆளைச் சொல்லிவிடுவார்கள். அரசு அறிவிப்புகளை ஒட்டுவது, கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போவது, திருவிழா ஊர்வலங்களில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது போன்ற வேலைகளும் வந்து சேர்ந்தன. அலுப்பான வேலைகள்தான். ஆனால் குற்றத் தடுப்பின் பாதி இவற்றில்தான் நடந்தது. கணக்கெடுக்க மாடிப்படி ஏறிய காவலருக்கு அந்த மாடியில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அறிவிப்பு ஒட்டும் இடத்தில் நாலு பேர் பேசுவது காதில் விழும்.

தொடக்கத்தில் சிறியதாக இருந்த படை, 20ஆம் நூற்றாண்டில் நூறு பேரைத் தாண்டியது. தனித் துப்பறிவாளர்களும் இருந்தார்கள்.

பெண் கடத்தல்: ஏற்பாடு நன்றாக வேலை செய்த இடம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹாங்காங் ஓர் ஏற்றுமதித் துறைமுகம். அங்கிருந்து மனிதர்களும் ஏற்றுமதியானார்கள். பக்கத்துச் சீன மாகாணமான குவாங்டாங்கின் கிராமங்களிலிருந்து பெண்களையும் சிறுமிகளையும் வேலை, திருமணம் என்று ஆசை காட்டிக் கூட்டிவந்து சிங்கப்பூருக்கும் கலிபோர்னியாவுக்கும் விற்றார்கள். போலீஸ் மட்டும் இதைத் தடுக்க முடியாததற்குக் காரணம் எளிது. கடத்துபவள் தன்னைத் தாய் என்பாள், அத்தை என்பாள். பயந்துபோன சிறுமி ஆமாம் என்று தலையாட்டுவாள். கேள்வி கேட்பவருக்கு அவர்களுடைய வட்டார வழக்கு தெரியாவிட்டால் அதற்கு மேல் தோண்ட முடியாது.

1878-இல் அதே மாகாணத்தின் துங்குன் மாவட்டத்து வணிகர்கள் கவர்னர் ஜான் போப் ஹென்னெஸிக்கு மனுக் கொடுத்தார்கள். கடத்தலைத் தடுக்க ஒரு சங்கம், அதற்கெனத் துப்பறிவாளர்கள், மீட்கப்பட்டவர்களுக்குப் புகலிடம் என்பது கோரிக்கை. அதிலிருந்து பிறந்தது போ லியுங் குக். முதலில் 1872-இல் திறக்கப்பட்ட துங் வா மருத்துவமனையின் இடத்தைப் பயன்படுத்திக்கொண்டது. 1893-இல் தனிச் சட்டத்தின் கீழ் பதிவானது.

படிகளை வரிசையாகப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் பலம் புரியும். கப்பல்துறையிலோ தங்கும் விடுதியிலோ சந்தேகம் எழுகிறது; பெரும்பாலும் விடுதிக்காரரோ படகுக்காரரோதான் சொல்வார்கள். துப்பறிவாளர் போய்ச் சிறுமியையும் கூட இருப்பவரையும் தனித்தனியாக விசாரிக்கிறார்: சொந்த ஊர் எது, குலப்பெயர் என்ன, வழியில் எங்கே தங்கினீர்கள். பதில்கள் ஒட்டவில்லையென்றால் இருவரையும் பதிவாளர் நாயகத்தின் அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறார். சிறுமி புகலிடத்தில் தங்குகிறாள். வணிகர்களின் ஊர்த் தொடர்புகள் வழியாகக் கிராமத்துக்குக் கடிதம் போகிறது. குடும்பம் உண்மையா, விற்றதே அந்தக் குடும்பம்தானா என்று விசாரிக்கிறார்கள். நல்ல குடும்பம் என்றால் திருப்பி அனுப்புகிறார்கள். ஆள் இல்லாதவளுக்கும், அனுப்பினால் மறுபடி விற்கப்படுவாள் என்று தோன்றுபவளுக்கும் மணமகன் தேடினார்கள், அல்லது ஒரு குடும்பத்தில் சேர்த்தார்கள்.

கடிதம் எழுதிக் கிராமத்தில் விசாரிக்கும் படியை எந்தப் போலீஸ் படையும் அன்று செய்திருக்க முடியாது. அது எல்லைக்கு அப்பால் இருந்த வேறு நாடு. ஆனால் வணிகருக்கு அங்கே மாமன் மச்சான் இருந்தார்கள். இந்த முறையைப் பின்பற்றி 1880-களில் சிங்கப்பூரிலும் இதே பெயரில் ஒரு புகலிடம் தொடங்கினார்கள்.

எங்கே கெட்டுப்போனது

அதே பெண் விஷயத்தில்தான் இந்த ஒத்துழைப்பின் பெரிய ஓட்டையும் தெரிகிறது. வறிய குடும்பத்துச் சிறுமியைப் பணம் கொடுத்து வாங்கி வீட்டுவேலைக்கு வைத்துக்கொள்ளும் ‘முய் சாய்’ வழக்கம் சீனச் செல்வர் வீடுகளில் இருந்தது. 1879-இல் தலைமை நீதிபதி ஜான் ஸ்மேல் இதை அடிமைமுறை என்றே கண்டித்தார். கடத்தலுக்கு எதிராக மனுக் கொடுத்த அதே வணிக வர்க்கம், முய் சாய் வழக்கத்தை ஏழைகளுக்குச் செய்யும் உதவி என்று வாதாடியது. அரசும் அவர்களைப் பகைக்க விரும்பாமல் ஒதுங்கிக்கொண்டது. முய் சாய் வைத்துக்கொள்வதற்கு எதிரான சட்டம் வர 1923 ஆனது. எது குற்றம் என்று முடிவு செய்யும் உரிமை சந்தா கொடுப்பவர் கைக்குப் போனால், அவர் வீட்டுக்குள் நடப்பது குற்றப் பட்டியலில் ஏறாது. இந்த ஏற்பாட்டின் மீது நாம் வைக்க வேண்டிய மிகக் கடுமையான விமர்சனம் இதுதான், இதை மென்மையாகச் சொல்லக் கூடாது. அந்தச் சிறுமிகள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள்.

தொழிலாளர் விஷயமும் இதே போலத்தான். 1922-இல் மாலுமிகள் வேலைநிறுத்தம், 1925–26-இல் நகரையே முடக்கிய பொது வேலைநிறுத்தம். அப்போது வட்டாரக் காவல் அரசின் பக்கமும் முதலாளிகளின் பக்கமும் நின்றது. குழுவில் இருந்தவர்கள் கப்பல் முகவர்கள், வங்கிக்காரர்கள், பெருவணிகர்கள். வேலை நிறுத்தியவர்களில் ஒருவருக்கும் அங்கே இடமில்லை. ஊர் என்று அரசு எண்ணியது அந்தப் பன்னிரண்டு பேரைத்தான். கூலிக்காரனும் படகுக்காரனும் ஊரில் சேர்த்தியில்லை.

லஞ்சம் தனிக் கதை. சூதாட்டத்தை ஒழிக்க முடியாமல், போலீசுக்குப் போகும் மாமூலையாவது நிறுத்தலாம் என்று மக்டானல் 1867-இல் உரிமம் கொடுத்துச் சூதாட்டத்தை அனுமதித்தார். லண்டனில் எதிர்ப்புக் கிளம்பியது, சில ஆண்டுகளில் கைவிட்டார்கள். மாமூல் திரும்பியது. 1897-இல் ஒரு சூதாட்ட வீட்டில் நடந்த சோதனையில் பணம் வாங்கிய போலீசாரின் பட்டியலே சிக்கியது. ஐரோப்பியர், இந்தியர், சீனர் என மூன்று பிரிவிலும் பெயர்கள் இருந்தன. போலீஸ் இப்படியிருக்கும்போது, சூதாட்டத்தைப் பற்றித் துப்புக் கொடுப்பவரின் பெயர் அன்று மாலையே சூதாட்ட வீட்டுக்குப் போய்விடும். தகவலை வேறொரு அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் வழி எவ்வளவு அவசியமாயிருந்தது என்பது இங்கே விளங்கும்.

ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. ஒரே தெருவில் இரண்டு படைகள், இரண்டு தலைவர்கள். ஒரு ஆளைப் பற்றி வட்டாரக் காவலருக்குத் தெரிந்தது போலீசுக்குப் போய்ச் சேரப் பதிவாளர் நாயகத்தின் மேசையைக் கடந்தாக வேண்டும். கொள்ளையர் படகேறத் தயாராகும் நேரத்தில் அந்தத் தாமதம் போதும்.

ஆவணங்களைப் படிக்கும்போது

அரசின் ஆண்டறிக்கைகளில் வட்டாரக் காவலர்கள் எத்தனை பேருக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள் என்ற எண்ணிக்கை வரும். புதிதாகப் படிப்பவர்கள் அதைப் பார்த்துத் தடுப்பின் அளவை மதிப்பிடுவது வழக்கமான பிழை. அந்த எண் பிடிபட்டவர்களை மட்டும் சொல்கிறது. காவலர் நிற்பதைப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்கு நகர்ந்த திருடன் எந்த அட்டவணையிலும் இல்லை. அடுத்த தெருவில் சந்தா கட்ட வசதியில்லாதவர்கள் இருந்தால் அவன் அங்கே திருடியிருப்பான். அதுவும் இந்தப் படையின் கணக்கில் ஏறாது. எனவே வரவு செலவையும் சேர்த்துப் படியுங்கள். எந்த வட்டாரத்திலிருந்து எவ்வளவு வசூல், எங்கே எத்தனை காவலர் என்பதை எதிரெதிரே வைத்தால், காவல் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று தெரிந்துவிடும். குழு உறுப்பினர்களின் தொழிலையும் பார்க்க வேண்டும். புகார் கொடுத்தவர்களில் பெண்கள், கூலிகள் எத்தனை பேர் என்று எங்காவது கிடைத்தால் அதை விடவே கூடாது.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை ஹாங்காங்கைப் பிடித்ததோடு பழைய அமைப்பு உடைந்தது. போருக்குப் பின் வட்டாரக் காவலுக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை, 1940-களின் இறுதியோடு அதன் காலம் முடிந்தது. அப்போது சீனர் விவகாரச் செயலகம் ஊக்கம் கொடுத்து வளர்த்தது தெருவாரி நலச் சங்கங்களை. அவை இலவச மருத்துவம், பள்ளிக்கூடம், தீவிபத்து நிவாரணம் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டன. கைது செய்யும் அதிகாரம் அவற்றுக்குத் தரப்படவில்லை.